ஊர் பாஸ்வேர்டெல்லாம் என் கையெழுத்தில்

வாரத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்து, "அக்கா, ஒங்கள மாதிரி கம்ப்யூட்டர் செக்யூரிட்டி வேலைக்குப் போகணும்னா எந்த சர்டிஃபிகேட் முடிக்கணும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். ஒருமுறை கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், அம்மனைக் கும்பிடுவதற்கு முன் திரும்பி என்னிடம் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. "மொதல்ல ஒன் பாஸ்வேர்ட மாத்து, பொறவு சர்டிஃபிகேட் பாக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. நன்றி சொல்ல நிறைய இருக்கிறது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆன்லைன் சென்டரில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். வருமானச் சான்று, பட்டா, கரண்ட் பில், காலேஜ் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் என்று யாருக்கு என்ன வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்போம். கடைக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜெராக்ஸ் மெஷினைத் தவிர எதையும் தொடமாட்டார். கம்ப்யூட்டர் மூன்றும் என் பொறுப்பு. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் டிகிரி வாங்கியவள். கல்யாணம், பிள்ளை என்று சில வருஷங்கள் போனபின் அந்தக் கடையில் வந்து உட்கார்ந்தேன்.

ஒருநாள் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் எடுக்கும் வியாபாரி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். அவருடைய வாட்ஸ்அப்பை யாரோ பிடித்துக்கொண்டு, அவர் பேரில் ஊரெல்லாம் பணம் கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான். ஃபோனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை யாரோ கேட்க, இவர் நல்ல பிள்ளையாகச் சொல்லியிருந்தார். நான் அரைமணி நேரம் போராடி அதை மீட்டுக் கொடுத்தேன். எவன், எந்த வழியில் உள்ளே வந்தான் என்று ஒவ்வொரு படியாகக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம், பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோதுகூட வந்ததா என்று தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கி முடித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இங்கன உக்காந்து பட்டா எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கியம்மா? இதுக்குன்னு பெரிய பெரிய கம்பெனில வேல இருக்காமே?" என்றார்.

இருக்கத்தான் செய்தது. அன்று மாலையே தேடினேன். தகவல் பாதுகாப்பு என்று ஒரு துறை. அதில் ஆரம்ப வேலைக்குப் போக ஒரு சான்றிதழ் இருந்தால் வாசல் திறக்கும் என்றார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. வீட்டில் உட்கார்ந்து பேசியதில் நாங்கள் தாங்கக்கூடியது ஒரு தேர்வு, அதுவும் ஒரே ஒரு முறை என்று முடிவானது. சரியானதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வயதில் ஒரு புது வாழ்க்கை. தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை வருமானச் சான்றுதான்.

தேர்ந்தெடுப்பதிலேயே மூன்று மாதம் போயிற்று. அந்தச் சந்தையில் எத்தனை சான்றிதழ்கள்! ஒன்றின் பேரிலேயே ஹேக்கர் என்று இருந்தது. அதற்கு மதுரையில் பயிற்சி கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் முகம் தெரியாத ஓர் ஆள், தலையை மூடும் கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அந்தச் சட்டையைப் போட்டால், ஹேக் பண்ணுவதற்கு முன்னால் மயக்கம் வந்துவிடும். இன்னொன்று பெரிய மேலாளர்களுக்கானது. எழுதுவதற்கே ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்றார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான். மற்றொன்றில் ராப்பகலாக உட்கார்ந்து உண்மையான கம்ப்யூட்டர்களை உடைத்துக் காட்ட வேண்டும். என் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொருவர் வந்து, தான் முடித்ததுதான் உலகத்திலேயே சிறந்தது என்று சத்தியம் செய்தார். எனக்கோ அந்த ஹேக்கர் பேரில் ஓர் ஆசை. ஊரில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் அல்லவா? பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் தினமும் ஃபோன் செய்து, இன்னும் இரண்டு இடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அதே இரண்டு இடம்தான் இருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் நான் முன்பணம் கட்டப் போய்விட்டேன்.

தடுத்தது என் வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. கம்ப்யூட்டர் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார். அன்று கொட்டாவி விட்டபடியே கேட்டார்: "ஏட்டி, வேல குடுக்கவன் என்ன கேக்கான்னு பாத்தியா? நீ சர்டிஃபிகேட் விக்கவன் சொல்லுததையேல்லா கேட்டுக்கிட்டு இருக்க."

எனக்குக் கோபம் வந்தது. சரியான விஷயத்தை நமக்கு முன்னால் வேறொருவர் சொல்லிவிட்டால் வரும் கோபம்தான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுபவம் இல்லாதவர்களுக்கான விளம்பரங்களை மட்டும் பொறுக்கி, எந்தச் சான்றிதழ் எத்தனை முறை வருகிறது என்று அடுக்களைக் காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டேன். ஒரு மாதம் போட்டேன். ஹேக்கருக்கும் கோடுகள் விழுந்தன. ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைக் கேட்ட இடங்களில். என்னைப் போன்ற ஆட்களிடம் கேட்டது, பேரில் ஒரு கவர்ச்சியும் இல்லாத அடிப்படைச் சான்றிதழ் ஒன்றைத்தான். வீட்டுக்குப் பூட்டு எது, சாவி யாரிடம், யார் உள்ளே வரலாம், திருட்டு நடந்தால் முதலில் என்ன செய்வது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித்தரும் படிப்பு. அதையே எடுத்தேன். அந்தக் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கொட்டாவிக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படித்தேன். கரண்ட் போனால் வாசலில் நாற்காலி போட்டுப் படித்தேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லமாட்டார். நான் இதை முடித்தால் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நான் புத்தகத்தோடு இருக்கும்போது யாராவது ஜெராக்ஸுக்கு வந்தால், என்னைக் கூப்பிடாமல் தானே எழுந்து போவார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாஸ்வேர்டு பற்றிய பாடம் வரும்வரை.

எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு. நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. விண்ணப்பம் போட வரும் யாருக்கும் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. மறுபடி வரும்போது "நீதானம்மா போட்ட, நீயே பாத்துச் சொல்லு" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேரின் முதல் நாலு எழுத்து, நடுவில் ஒரு குறி, அப்புறம் பிறந்த வருஷம். எல்லாருக்கும் இதே கணக்கு. மறக்காமல் இருக்க நோட்டிலும் எழுதிவிடுவேன். ஃபோன் இல்லாதவர்களுக்குக் கடை நம்பரையே கொடுத்துவிடுவேன். ஓடிபி எங்களுக்கு வரும். வாசுதேவநல்லூர், பனவடலிசத்திரம் என்று சுற்றுப்பட்டு ஆட்களெல்லாம் வேறு சென்டரைத் தாண்டி எங்களிடம் வந்ததற்குக் காரணமே இந்த நோட்டுதான். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

அந்தப் பாடத்தை நான் பாதி படித்திருந்தபோது, காலேஜில் படிக்கும் பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க ஒரு அம்மா வந்தார். வழக்கம்போல, "பாஸ்வேர்டு என்னன்னு பாரும்மா" என்றார். "பிள்ள பேரு என்ன, பொறந்தது எந்த வருஷம்?" என்று கேட்டேன். சொன்னார். நான் நோட்டைத் திறக்கவே இல்லை. நேரே அடித்தேன். அந்தப் பெண்ணின் அக்கவுண்ட் திறந்தது. பேங்க் நம்பர், வீட்டு முகவரி, சாதிச் சான்று, அந்தப் பெண்ணின் புகைப்படம் எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

அப்போதுதான் உறைத்தது. எனக்குத் திறந்தால், கணக்கு தெரிந்த எவனுக்கும் திறக்கும். கணக்கு என்ன, கடைக்கு இரண்டு முறை வந்தவனுக்கே விளங்கிவிடும். நோட்டோ மேஜை மேலேயே கிடக்கிறது. டீ டம்ளரை அதன் மேல்தான் வைப்போம். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். நான் விழுந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால்; ஈரம் இப்போதுதான் தெரிந்தது.

உடனே அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நோட்டை நிறுத்தினால் கூட்டம் குறையும். அவர் கோபத்தில் என்னை நிறுத்திவிட்டால் என் படிப்பும் பாதியில் நிற்கும். தேர்வை எழுதிவிட்டு, வேலை கிடைத்ததும் சத்தமில்லாமல் போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். டீ டம்ளரை மட்டும் அதன் மேல் வைப்பதை நிறுத்தினேன். அதுதான் அன்றைக்கு நான் எடுத்த பாதுகாப்பு நடவடிக்கை.

மதுரையில் தேர்வு. உள்ளே விடும்முன் வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். பூ வியாபாரி ஆசையாகக் கொடுத்தனுப்பிய மல்லிகையைப் பார்த்து அந்தச் சோதனைக்காரப் பெண் யோசித்தாள். "இதுக்குள்ள ஒண்ணும் இல்லம்மா, பூதான்" என்றேன். தடவிப் பார்த்துவிட்டு விட்டாள். பாஸ்வேர்டு பற்றிய கேள்வி வந்தபோது விடையை ஒரு நொடியில் அமுக்கினேன். விடை தெரிந்ததற்காக ஒருவர் தலைகுனிய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தேர்வில் தேறிவிட்டேன். வீட்டுக்காரர் ராஜபாளையத்திலிருந்து அரைக்கிலோ அல்வாவோடு வந்தார்.

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் வீடியோவில். கேள்வி கேட்டவர் ஒரு பெண்மணி, அமைதியான குரல். பாடத்திலிருந்து கேட்டதற்கெல்லாம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். கடைசியாக, "இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நீங்கள் கண்ட மிகப் பெரிய ஆபத்து எது? அதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

ஒரு கதை கட்டியிருக்கலாம். ஆனால் அந்த நோட்டைத் தவிர வேறு எதுவும் என் மனதில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், பாஸ்வேர்டு போட்ட கணக்கு என்னுடையது, கடை நம்பர், ஓடிபி எல்லாம்.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"இதுவரைக்கும் ஒன்றும் செய்யவில்லை."

மூன்று மாதத் தேடலும், ஆறு மாதப் படிப்பும், ஒரே ஒரு தேர்வும் ஆற்றில் கரைத்த புளியாகப் போயிற்று என்று நினைத்தேன். அவரோ, "இதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு பக்கம் எழுதி, மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

எழுதுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் செய்யாததைச் செய்வேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை, அண்ணாச்சி சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் முறையாக அதைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

"இத எழுதச் சொல்லி நானாம்மா சொன்னேன்?"

"இல்ல அண்ணாச்சி. நானாத்தான் எழுதுனேன்."

"இதுவரைக்கும் யாரும் இத வச்சித் தப்புத்தண்டா பண்ணிருக்கானா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா பண்ணணும்னா அஞ்சு நிமிசம் போதும்."

"ஆளுக நம்மகிட்ட வாரதே இது இருக்குன்னுதாம்மா."

"ஆமா."

அவர் எழுந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய்விட்டார். மத்தியானம்வரை அங்கேயே நின்றார். நான் முள் மேல் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி, "இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம். ஆளுகளுக்கு நான் போன் போடுதேன். காசு யாருகிட்டயும் வாங்கக் கூடாது, பாத்துக்கோ" என்றார்.

ஃபோன் போட்டார், சரி. ஆனால் பாஸ்வேர்டு என்றால் பயந்துவிடுவார்கள் என்று, தானாக ஓர் உதாரணம் வைத்துக்கொண்டார். "ஒங்க வீட்டுச் சாவி ஒண்ணு எங்க கடையில கெடக்கு, வந்து மாத்திட்டுப் போங்க." பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் வீட்டுப் பூட்டையே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். "எல்லாச் சாவியும் எங்கிட்டதான் இருக்கு, எவன்வே கள்ளச்சாவி போட்டது?" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். விளக்கிச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து, அவரையே முதல் ஆளாக உட்கார வைத்து மாற்றினோம்.

மாற்றுவது லேசாக இல்லை. "நீயே வச்சிக்கம்மா, ஒன்மேல எங்களுக்கு நம்பிக்க இருக்கு" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. அவரவர் ஃபோன் நம்பரையோ, ஃபோன் இல்லாதவர்களுக்கு அவர்கள் வீட்டு ஆட்களின் நம்பரையோ போட்டு, அவரவர் விரலால் புது பாஸ்வேர்டு அடிக்க வைத்து, மறந்துவிடும் என்றவர்களிடம் ஒரு துண்டுத் தாளில் அவர்களையே எழுதச் சொல்லி, ரேஷன் கார்டோடு வீட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரரும் வந்து கூட்டத்தை வரிசையில் உட்கார வைத்தார். எவ்வளவு தேடியும் ஆள் கிடைக்காத சிலரின் பக்கங்களை மட்டும் அண்ணாச்சி தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாக்கிக் கொட்டினோம்.

அதன்பிறகு அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். எப்படிச் செய்வேன் என்று அல்ல, எப்படிச் செய்தோம் என்று. பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரையும் விடவில்லை. பத்து நாளில் வேலைக்கு அழைப்பு வந்தது. அண்ணாச்சி வாசலுக்கு வந்து வழியனுப்பினார். "அங்கன போயும் இதே மாதிரி உள்ளதச் சொல்லிக்கிட்டு இரு தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

வேலையில் சேர்ந்து இரண்டாம் மாதம், ஏதோ பேச்சுவாக்கில், என்னை நேர்காணல் செய்த அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். வேலை கொடுக்கும் முன் பழைய இடத்தில் விசாரிப்பது வழக்கம். கம்பெனியில் தமிழ் தெரிந்த ஒருவர் அண்ணாச்சிக்கு ஃபோன் செய்து, அந்த நோட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, "அது என் தப்பு. அந்தப் பிள்ள வந்துதான் அதச் சரி பண்ணுச்சு" என்று சொன்னாராம். நான் நேர்காணலில் சொன்னதும் அவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் தப்பைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு முடிவெடுக்க வசதியாக இருந்ததாம்.

மத்தியான இடைவேளையில் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முன்பு வந்த கூட்டத்தில் பாதிதான் இப்போது வருகிறது, கம்ப்யூட்டரையும் அவரே பழகிக்கொண்டு பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் அதையெல்லாம் பற்றி வாய் திறக்கவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்.

"எழுதுனது நான்தான அண்ணாச்சி. எதுக்கு ஒங்க தப்புன்னு சொன்னிய?"

"கடை என் பேர்ல இருக்கு. தப்பு மட்டும் ஒன் பேர்ல எப்படிம்மா இருக்கும்?"

நன்றி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். எங்கள் பக்கம் யாரும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. அன்று நான்கைந்து தடவை சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. அதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர்களிடம் பேசினார்.

"வாங்க, இப்படி உக்காருங்க. பாஸ்வேர்ட நீங்களே அடிங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்."